டார்வின் வீட்டுத் தபால்

கேம்பிரிட்ஜ்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்கை ஆராய்ச்சியாளர்கள் இயற்றிய கிரந்தங்களை மட்டும் படித்தவர்களுக்கு அவர்கள் அத்தனை பேரும் தாடி வளர்த்த ரிஷிகளாகவே தோன்றுவார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட அந்தரங்கக் கடிதங்களைப் படித்தவர்களுக்கோ, அந்த ரிஷிகள் கோபித்துக்கொள்வதும், சமாதானம் செய்துகொள்வதும், குழந்தையின் ஜுரத்தை நினைத்துக் கலங்குவதும், யாரோ முன்பின் அறியாத ஒருவரிடம் பூவின் மகரந்தத்தைப் பார்த்துச் சொல்லும்படி கெஞ்சுவதும் கண்ணுக்கு நேரே தெரியும். இந்த இரண்டாவது வகை வாசகனாக நெடுங்காலம் வீட்டிலிருந்தபடியே பொழுதைப் போக்கிய பிறகு, அக்கடிதங்கள் எழுதப்பட்ட இடங்களையும் அவை போய்ச் சேர்ந்த இடங்களையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மிகுந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டேன்.

சென்னையில் அக்னி நட்சத்திரம் கழிந்தும் வெக்கை தணியாத ஜூன் மாதத்தில், கேம்பிரிட்ஜில் கம்பளிச் சட்டை போட்டும் குளிர் விடவில்லை. இரவு ஒன்பதரை மணி வரையில் வானத்தில் வெளிச்சம் இருக்கிறது. விளக்கு வைக்கும் வேளை எது என்று தெரியாமல் நம்மூர்க்காரன் திண்டாடிப் போகிறான். ஊருக்கு வடக்கே மேடென்று ஒன்றும் இல்லாத சதுப்பு நிலம். சார்லஸ் டார்வின் மாணவராயிருந்த நாளில் பாடத்தை விட்டுவிட்டு வண்டு பிடிக்க அலைந்த பூமி இதுதான். அவருக்குத் தாவர சாஸ்திரத்தில் ருசி உண்டாக்கிய ஹென்ஸ்லோ என்ற பேராசிரியர் 1831 ஆகஸ்டு 24-ஆம் தேதி எழுதிய கடிதந்தான் ‘பீகிள்’ கப்பலில் அவரை ஏற்றிவிட்டது. பிரயாணத்தின்போது அவர் குருவுக்கு எழுதிய கடிதங்களின் பகுதிகளோ, அவர் திரும்பி வருவதற்கு முன்பே, 1835-இல் இவ்வூரில் அச்சாகி நண்பர்களிடையே உலவின. ஆகையால் 1836-இல் அந்த வாலிபர் கரை இறங்கியபோது கீர்த்தி அவருக்கு முன்னதாகவே கரையில் வந்து நின்றது. கிரைஸ்ட்ஸ் காலேஜ் தோட்டத்தில் பெஞ்சியின் கைப்பிடிமேல் அவர் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். தாடியில்லாத டார்வின்! பக்கத்தில் அமர்ந்து கால் நீட்டிக்கொள்ள யாரும் தடை சொல்வதில்லை.

ஸர்வகலாசாலைப் புத்தகசாலை ஊரின் மேற்கே, செங்கல் கோபுரத்தோடு, கொஞ்சம் கடுகடுத்த முகத்துடன் நிற்கிறது. டார்வின் எழுதியனவும் டார்வினுக்கு வந்தனவுமான கடிதங்களைத் திரட்டும் வேலையைப் பிரெடெரிக் பர்க்கார்ட் என்ற அமெரிக்கர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் 1974-இல் தொடங்கினார். முதல் சம்புடம் 1985-இல் வந்தது. முப்பதாவதும் கடைசியுமான சம்புடம் 2023-இல் வந்தது. சுமார் 15,000 கடிதங்கள், ஏறக்குறைய 2,000 பேர். தொடங்கியவர் 2007-இல் காலமானார். தாம் முடிவைப் பார்க்கமாட்டோம் என்பதைத் தெரிந்துகொண்டே ஒருவர் இத்தகைய காரியத்தில் கை வைப்பதை நான் டார்வினுடைய மேதைக்குக் குறையாத விசேஷமாகவே மதிக்கிறேன்.

வாசகசாலையில் பேனாவுக்கு அனுமதி இல்லை. பென்சில் ஒன்றே துணை. நரைத்த கூந்தலும் தழைந்த குரலுமாக இருந்த ஓர் அம்மாள், கடிதக் கட்டை மெத்தென்ற தாங்கியின்மேல் குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்துவிட்டு, “அவருடைய எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று கவலைப்படாதீர்கள், அவருடைய சிநேகிதர்களே திண்டாடியிருக்கிறார்கள்” என்றாள். 1844 ஜனவரி 11-ஆம் தேதியிட்ட கடிதத்தைத்தான் நான் கேட்டிருந்தேன். தென்துருவக் கடல்களிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த ஜோசப் டால்டன் ஹூக்கர் என்ற 26 வயது இளைஞருக்கு 34 வயது டார்வின் எழுதியது. தீவுகளின் தாவரங்களைப் பற்றிய விசாரணைகளுக்கு நடுவே, ஜீவராசிகளின் இனங்கள் மாறாதவை அல்ல என்று தமக்கு ஏறத்தாழ நிச்சயப்பட்டுவிட்டதாகவும், இதைச் சொல்வது கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி இருப்பதாகவும் எழுதிவிட்டு, மறுபடியும் தாவர விஷயத்துக்கே போய்விடுகிறார். பெரிய உண்மையைச் சபையில் முழங்கும் மனிதர்களை நமக்குத் தெரியும்; இவரோ அதை அடைப்புக்குறிகளின் நடுவே செருகி, பழகி அதிக நாளாகாத ஒருவருக்குத் தபாலில் அனுப்புகிறார். அன்று முதல் இருவரிடையே போய்வந்த கடிதங்களில் நமக்குக் கிடைப்பவை 1,400 வரையில் இருக்கும்.

இப்புத்தகசாலையிலிருந்து டார்வினுடைய குறிப்புப் புத்தகங்கள் இரண்டு காணாமற் போய், இருபது வருஷங்களுக்குப் பின் 2022 மார்ச்சில், இளஞ்சிவப்புப் பையொன்றில், ஈஸ்டர் வாழ்த்துச் சீட்டுடன், அதிகாரியின் அறை வாசலில் யாராலோ வைக்கப்பட்டிருந்தன. அந்தக் கதையைக் கேட்டபோது அம்மாள் புன்னகையோடு நிறுத்திக்கொண்டாள். வெளியே வந்து, சர்க்கரைப் பாகு சொட்டச் சுருட்டிய ‘செல்ஸி பன்’ ஒன்றைத் தின்றேன். கை கழுவத் தண்ணீர் தேடி அலைந்ததுதான் மிச்சம். இந்தத் தேசத்தில் தின்பதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு கை கழுவுவதற்கு இல்லை.

டவுன் கிராமம்

லண்டனின் தென்கிழக்கில், நகரம் மூச்சுவிட்டு நிற்கும் எல்லையில், சுண்ணாம்புக் குன்றுகளின்மேல் இருக்கிறது டவுன் கிராமம். சந்து போன்ற பாதைகள். இருமருங்கும் ஆள் உயரத்துக்கு மேல் வேலிச் செடிகள். எதிரே வண்டி வந்தால் இரண்டிலொன்று பின்வாங்கத்தான் வேண்டும். 1842 செப்டம்பரில் மனைவி எம்மாவுடனும் குழந்தைகளுடனும் இங்கே குடிவந்த டார்வின், 1882 ஏப்ரலில் உயிர் நீங்கும் வரையில் நாற்பது வருஷம் ‘டவுன் ஹவுஸ்’ என்ற வீட்டிலேயே இருந்தார். பீகிள் பிரயாணத்துக்குப் பிறகு அவர் கடல் கடந்ததே இல்லை. உலகம் முழுவதும் தபாலில் வந்தது.

இதைச் சாத்தியமாக்கியது அக்காலத்துத் தபால் சீர்திருத்தம். 1840 ஜனவரி 10 முதல், அரை அவுன்ஸுக்குள் எடையுள்ள கடிதம் ராஜ்யத்துக்குள் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே பென்னி. அதற்கு முன்பெல்லாம் தூரத்துக்குத் தக்க கூலி, அதையும் பெரும்பாலும் பெறுகிறவர்தாம் கொடுக்க வேண்டும். காகிதத்தின் எண்ணிக்கையும் கணக்கில் சேரும் என்பதால், எழுதிய தாளையே திருப்பிக் குறுக்கு வரிகளாக மறுபடி எழுதிச் சிக்கனம் செய்தார்கள். நம் நாட்டிலும் 1854-இல் தூரபேதமில்லாத அரையணாத் தபால் வந்தது. பென்னித் தபால் இல்லாவிட்டால் டார்வின் என்ற சாஸ்திரி உண்டாகியிருப்பாரோ என்பது எனக்குச் சந்தேகமே. ஏனெனில் அவருடைய பிரதான ஆயுதம் பூதக்கண்ணாடி அன்று, கேள்வி. புறா வளர்ப்போர், தோட்டக்காரர், பாதிரிமார், கப்பல் வைத்தியர் என்று யாரையும் அவர் விட்டுவைத்ததில்லை.

வீட்டைச் சுற்றிக் காட்டியவர் பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற முதியவர்; சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிறார். டார்வினைப் பற்றிப் பேசும்போது தெருக்கோடியில் இருக்கும் அண்ணனைப் பற்றிப் பேசுகிற உரிமை அவர் குரலில் தொனித்தது. “முதலில் இந்தக் கண்ணாடியைப் பாருங்கள்” என்று படிப்பறை ஜன்னலோரம் அழைத்துச் சென்றார். வீட்டுப் பாதையில் யார் வருகிறார்கள் என்பதை நாற்காலியில் இருந்தபடியே பார்த்துக்கொள்வதற்காக வெளிப்புறம் பொருத்திய கண்ணாடி அது. “விருந்தாளி என்றால் ஒளிந்துகொள்ளலாம், தபால்காரர் என்றால் எழுந்து ஓடலாம்” என்றார் கிழவர். நாற்காலிக்குச் சக்கரம் உண்டு. மேஜையில் உட்கார்ந்து எழுதுவது அவருக்கு வழக்கமில்லை. நாற்காலியின் இரு கைகளுக்கும் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் வைத்து எழுதினார். பக்கத்தில் நாய்க்குட்டிக்குக் கூடை.

நம் வீடுகளில் கூடத்துத் தூணில் வளைந்த கம்பி ஒன்று தொங்கும். வந்த கார்டும் கவரும் அதில் குத்தப்பட்டு, கம்பி நிறைந்ததும் வெந்நீர் அடுப்புக்குப் போகும். டார்வின் வீட்டிலும் கடிதங்களைக் கம்பியில்தான் குத்தினார்கள் என்றும், கம்பிகள் நிறைந்தால் பல வருஷத்துக் கடிதங்களை ஒருமிக்கக் கொளுத்திவிடுவார் என்றும் அவருடைய குமாரர் பிரான்சிஸ் எழுதிவைத்திருக்கிறார். 1862-ஐ ஒட்டித்தான் பாதுகாக்கும் பழக்கம் வந்தது. அதன் முன்னர்த் தப்பியவற்றில் பல, ஆராய்ச்சிக்கு வேண்டிய பத்தி மட்டும் கத்திரிக்கப்பட்டு, விஷயவாரியாகக் கட்டிவைத்த துண்டுகள். எழுதியவரின் நலவிசாரிப்பும் கையெழுத்தும் போய்விட, முயலின் காதைப் பற்றிய நாலு வரி மட்டும் நிற்கும். காகிதத்தில் அவருக்கு மரியாதை அதிகம்; வந்த கடிதங்களின் எழுதாத பாதியைக் கிழித்துக் குறிப்பெழுத வைத்துக்கொள்வார்.

இப்படி வந்தவற்றில் நம் சென்னையிலிருந்து போனதும் உண்டு. சென்னை ராஜதானியின் உயர் அதிகாரியும், அமராவதிச் சிற்பங்களைத் தோண்டிச் சென்னைக்குக் கொண்டுவந்தவருமான வால்டர் எலியட்டுக்கு 1856-இல் எழுதி, நாட்டுப் புறாக்களின் தோல்கள் வேண்டுமென்று டார்வின் கேட்டார். எலியட் அனுப்பினார், ‘இனங்களின் தோற்றம்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே அதற்கு நன்றி பதிவாகியிருக்கிறது. அந்தப் புறாக்களைப் பிடித்தவர் யார், தோலுரித்துப் பக்குவம் செய்தவர் யார் என்பது பதிவாகவில்லை.

1855-இல் ஹூக்கருடன் நடந்த விதைச் சண்டை இந்த வீட்டின் மிக உல்லாசமான அத்தியாயம். விதைகள் கடலில் மிதந்து தீவுகளுக்குப் போக முடியுமா என்று சோதிக்க, உப்புத் தண்ணீர் நிரப்பிய பாத்திரங்களில் காய்கறி விதைகளை ஊறப்போட்டார் டார்வின். செத்துப்போகும் என்று ஹூக்கர் சாதித்தார். விதை முளைக்குமா என்ற கேள்வியைக் குழந்தைகள், அப்பா டாக்டர் ஹூக்கரை ஜெயிப்பாரா என்ற கேள்வியாக்கிக்கொண்டு, தினமும் வந்து விசாரித்தார்கள். 87 வகைகளில் 64 வகை, 28 நாள் ஊறிய பிறகும் முளைத்தன. ஜெயித்த சந்தோஷம் அடங்கும் முன்பே, பாழாய்ப்போன விதைகள் மிதக்காமல் மூழ்குகின்றன என்பது தெரிந்தது. அதையும் மறைக்காமல் ஹூக்கருக்கே எழுதினார். எதிர்க்கட்சிக்காரனுக்குத் தன் வழக்கின் ஓட்டையைத் தானே எழுதியனுப்பும் இந்தச் சுபாவத்தை எத்தனை வித்வான்களிடம் காண முடிகிறது?

கண்ணாடிச் செடிவீட்டில் இன்றும் பூச்சிதின்னும் செடிகளை வளர்க்கிறார்கள். அழுகண்ணிச் செடியொன்றின் எதிரில் நெடுநேரம் நின்றேன். இலையென்று சொன்னால் காசு அகலந்தான். அதன்மேல் சிவந்த மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பசைத்துளி. கொசுவைவிடச் சிறிய பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டு, கால்களை ஒவ்வொன்றாக விடுவிக்கப் பார்த்து, ஒன்றை விடுவிப்பதற்குள் இன்னொன்றை மாட்டிக்கொண்டது. அப்போது எனக்கு அசைவு தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, ஓரத்து மயிர்கள் உள்பக்கம் வளைந்து பூச்சியின் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தன. உலகத்து இனங்கள் அனைத்தின் உற்பத்தியைக் காட்டிலும் இந்தச் செடியைப் பற்றியே தமக்கு அக்கறை அதிகம் என்று 1860-இல் டார்வின் பூகர்ப்ப சாஸ்திரியான லையலுக்கு எழுதியதில் அதிசயோக்தி குறைவு என்று பட்டது. அமெரிக்காவில் நியூஜெர்ஸியிலிருந்த மேரி ட்ரீட் என்ற அம்மையாரும் இத்தகைய செடிகளைக் கவனித்து அவருக்கு எழுதிக்கொண்டிருந்தார். பெரும்பாலான கலாசாலைகள் தம் வாசலைப் பெண்களுக்குத் திறவாத அக்காலத்தில் தபால்பெட்டிக்கு அந்த ஆசாரம் தெரியாது.

மாடியில் டார்வினுடைய மகள் ஆனியின் எழுத்துப் பெட்டியைப் பார்த்தபோது என் பேச்சு நின்றுவிட்டது. பேனாக்களும் காகிதமும் வைத்த சிறு பெட்டி. 1851-இல் பத்து வயதுக் குழந்தையைச் சிகிச்சைக்காக மால்வெர்னுக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். எம்மா நிறைமாதக் கர்ப்பிணி, வீட்டில் இருந்தாள். படுக்கையருகே இருந்து குழந்தை உண்டதையும் வாந்தியெடுத்ததையும் வார்த்தை சொன்னதையும் டார்வின் மணிவாரியாக எழுதியனுப்பினார். ‘இன்று தேறியிருக்கிறாள்’ என்ற கடிதத்தை எம்மா பிரித்துப் படிக்கும்போது அங்கே நிலைமை கெட்டிருக்கும். ஏப்ரல் 23-ஆம் தேதி ஆனி இறந்தாள். அந்தக் கடிதங்களில் சாஸ்திரம் ஒரு வரியும் இல்லை; ஆனால் கவனித்து எழுதும் கை அதே கைதான்.

கிராமத்துச் சத்திரத்தில் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறிய வெங்காயம் என்று உழவர் சாப்பாடு போட்டார்கள். காரம் தேடிய நாக்குக்கு அவ்வெங்காயம்தான் ஆறுதல். பரிமாறிய பையனிடம் டார்வினைப் பற்றிக் கேட்டதற்கு, “அவர் மனைவியிடம் சூதாட்டத்தில் தோற்கமாட்டாராம்” என்றான். விஷயம் அப்படியல்ல. தம்பதிகள் இரவுதோறும் ‘பாக்காமன்’ என்னும் சொக்கட்டான் வகை ஆட்டம் ஆடிக் கணக்கு வைத்தார்கள். 1876-இல் ஹார்வர்டிலிருந்த ஏஸா கிரே என்ற தாவர சாஸ்திரிக்கு, தாம் 2,795 ஆட்டமும் மனைவி 2,490 ஆட்டமும் ஜெயித்திருப்பதாக எக்களித்து எழுதினார் டார்வின். அதே கிரேதான், 1862-இல் டார்வினுடைய மகன் லெனார்ட் நோயாய்க் கிடந்தபோது, அவனுக்காக அமெரிக்கத் தபால்தலைகளை அனுப்பியவர். உள்நாட்டு யுத்தத்தைப் பற்றி இரு நண்பர்களுக்கும் அபிப்பிராய பேதம் முற்றியிருந்த காலம் அது.

பிக்காடில்லி

லண்டனில் லின்னேயன் சங்கம் இருக்கும் பர்லிங்டன் மாளிகைக்கு மட்டும் போனேன். 1858 ஜூன் 18-ஆம் தேதி, மலேயாத் தீவுக்கூட்டத்து டெர்னேட் தீவிலிருந்து இயற்கை ஆராய்ச்சியாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அனுப்பிய கட்டுரை தமக்குக் கிடைத்ததென்றும், இருபது வருஷமாகத் தாம் மூடிவைத்திருந்த இயற்கைத் தேர்வுக் கருத்து அப்படியே அதில் இருந்ததென்றும் டார்வின் நண்பர்களிடம் புலம்பினார். வீட்டிலோ கைக்குழந்தை சாகக்கிடந்தது. 28-ஆம் தேதி செத்தும்போயிற்று. லையலும் ஹூக்கரும் சேர்ந்து, வாலஸின் கட்டுரையோடு டார்வினுடைய பழைய எழுத்தின் பகுதியையும், கிரேக்கு அவர் 1857-இல் எழுதிய கடிதத்தின் சுருக்கத்தையும் ஜூலை 1-ஆம் தேதி லின்னேயன் சங்கத்தில் படிக்க ஏற்பாடு செய்தார்கள். டார்வின் வரவில்லை. வாலஸ் நியூகினியில் இருந்தார். அவரைக் கேட்கவும் இல்லை. அவர் அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டு தாயாருக்குப் பெருமையாக எழுதினார் என்பது அவருடைய பெருந்தன்மையைக் காட்டுமேயன்றி, கேளாமற்செய்ததை நியாயமாக்காது. வாலஸின் அந்தக் கடிதம் இன்று இல்லை. சதி என்று சொல்கிறவர்கள் உண்டு. கம்பியையும் அடுப்பையும் பார்த்துவிட்டு வந்த எனக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

கியூ

தேம்ஸ் நதிக்கரையில் கியூ தோட்டத்துக்குள் நுழைந்ததும் வாழையும் பாக்கும் கண்ணாடிக் கூரையின் கீழ் வியர்த்துக்கொண்டிருந்தன. வெளியே குளிரில் நடுங்கிய நான் அங்கே போய் அவற்றோடு சேர்ந்து வியர்த்தேன். ஹூக்கரின் தகப்பனார் 1841 முதலும், ஹூக்கர் 1865 முதல் 1885 வரையிலும் இதற்கு அதிபர்கள். ஏழு பாகங்களில் இந்தியத் தாவரங்களை வர்ணித்தவர் இந்த ஹூக்கரே. 1863 செப்டம்பர் 28-ஆம் தேதி அவருடைய ஆறு வயது மகள் இறந்தாள். ஒரு மணி நேரத்துக்குள் அவர் டார்வினுக்குக் கடிதம் எழுதினார். ஆனியைப் பறிகொடுத்தவரைத் தவிர யாரிடம் சொல்வது? இவர்களுடைய சிநேகத்தின் ஆழத்தை அளக்க அந்த ஒரு கடிதம் போதும்.

மடகாஸ்கர் ஆர்க்கிட் ஒன்றைச் செடிவீட்டில் காட்டினார் ஓர் இளம் தோட்டக்காரர். பூவுக்குப் பின்னால் தேன்குழல் சாட்டைபோல் தொங்குகிறது. 1862-இல் இது தபாலில் வந்தபோது டார்வின் அளந்தார்: பதினொன்றரை அங்குலம். அடியில் மட்டுமே தேன். இதை உறிஞ்ச எந்தப் பூச்சியால் முடியும் என்று ஹூக்கருக்கு வியந்து எழுதி, அவ்வளவு நீளத் துதிக்கையுள்ள அந்துப்பூச்சி அத்தீவில் இருந்தாக வேண்டும் என்று அச்சிலும் சொன்னார். அத்தகைய பூச்சி 1903-இல் விவரிக்கப்பட்டது.

தோட்டத்து வாசலுக்கெதிரே தேநீர்க்கடையில் ‘மெய்ட்ஸ் ஆஃப் ஆனர்’ என்னும் பொரிந்த பாலாடைப் பணியாரம் கிடைக்கிறது. அதைத் தின்று தேநீர் குடித்தபோது நினைவுக்கு வந்தது, இந்தத் தேநீருக்கும் ஒரு கடித சம்பந்தம் உண்டென்பது. இலங்கையில் பேராதனைத் தோட்டத்து அதிபராயிருந்த துவெய்ட்ஸ், காப்பி இலைகளில் புதிதாகத் தோன்றிய மஞ்சள் படையைக் கண்டு, அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பாதிரியார் பூதக்கண்ணாடியில் பார்த்து, 1869-இல் அந்தப் பூஞ்சைக்குப் பெயர் சூட்டினார். பெயர் வைத்ததால் நோய் நிற்கவில்லை. கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. தென்பாண்டி நாட்டிலிருந்தும் பிற ஜில்லாக்களிலிருந்தும் கப்பலேறிக் காப்பி பறிக்கப் போன தமிழ்க் குடும்பங்களின் கதி அதன்படி திரும்பியது. துவெய்ட்ஸ் கடிதம் எழுதினார், பெர்க்லி பதில் எழுதினார். இலையில் மஞ்சள் படையை முதலில் கண்ட கண் யாருடையதோ?

கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருந்து தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்து, ஹூக்கரின் தகப்பனாரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த ராபர்ட் வைட்டின் பிரசுரங்களில் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களின் பெயர்கள் வருகின்றன. இலையின் நரம்பையும் மகரந்தப் பையையும் எழுதிக் கொடுத்த கைகள் அவர்களுடையவை. ஆர்க்கிட் பேரினமொன்றுக்கு ‘கோவிந்தூயியா’ என்று வைட் பெயரிட்டுக் கௌரவித்தார். பிற்கால சாஸ்திரிகள் அதை வேறொரு பேரினத்தில் சேர்த்துவிட்டதால் அந்தப் பெயரும் வழக்கொழிந்தது. வைட்டின் கடிதங்களை வாசிக்க முடிகிறது. அவ்விரு ஓவியரும் வீட்டுக்கோ ஒருவருக்கொருவரோ எழுதிய ஓலையோ காகிதமோ எதுவும் என் கண்ணில் படவில்லை.

நீலகிரித் தோட்டங்களிலும், கோயம்புத்தூர்ப் பருத்திப் பண்ணைகளிலும், பேராதனையிலும் செடி திரட்டியவர்களாகவோ, சித்திரம் எழுதியவர்களாகவோ, கணக்கப்பிள்ளைகளாகவோ இருந்தவர்களின் சந்ததியார் இதைப் படிக்கக்கூடும். உங்கள் பரணில் பழைய கடிதக் கட்டு இருக்குமானால், எழுத்து விளங்கவில்லை என்பதற்காகப் பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். தரமணியிலுள்ள ரோஜா முத்தையா நூலகம் போன்றதோர் இடத்தில் ஒருமுறை காட்டுங்கள். அக்காலத்துத் தபாலில் டார்வினுடைய பாதியை அச்சேற்றி முடிக்கக் கேம்பிரிட்ஜ்காரர்களுக்கு ஐம்பது வருஷம் போல் ஆயிற்று. மற்றப் பாதி நம்மிடம்தான் இருக்கிறது.